மருந்தைச் சோதித்த கர்னல்: ராம்நாத் சோப்ராவின் வாழ்வும் நம் கேள்விகளும்



இந்த நினைவுச் சொற்பொழிவு வரிசையில் கவிதை பற்றிப் பேசியிருக்கிறோம், தன்வரலாறுகள் பற்றிப் பேசியிருக்கிறோம், நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ராணுவ மருத்துவரின் வாழ்க்கை. கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று பாடநூல்கள் அவரைக் குறிக்கின்றன. அவர் நம் சேரிகளிலிருந்து வந்தவர் அல்லர். நம் விடுதலைக்காகப் பேசியவர் என்று சொல்லவும் இடமில்லை. பிறகு ஏன் அவர்?

இரண்டு காரணங்கள். நம் வீட்டில் காய்ச்சலுக்கு வாங்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள் என்று அச்சிட்டிருக்கும். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள சட்டம் அவர் தலைமையேற்ற குழுவின் அறிக்கையிலிருந்து வளர்ந்தது. இது முதல் காரணம். மூலிகை அறிவு யாருடையது என்ற சண்டை இன்று ஊரெங்கும் நடக்கிறது. அந்தச் சண்டையின் ஏடுகளில் முக்கால்வாசி அவர் கை பட்டவை. இது இரண்டாவது. இந்த இரண்டிலும் நமக்கு உரிமையும் உண்டு, பாக்கியும் உண்டு. அதைக் கணக்குப் பார்க்கவே இந்தப் பேச்சு.

1. குஜ்ரன்வாலாவிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

சோப்ரா 1882 ஆகஸ்ட் 17 அன்று இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். சோப்ரா என்பது பஞ்சாபின் கத்ரி சாதியாரிடையே வழங்கும் பெயர். லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜின் டவுனிங் கல்லூரிக்குப் போனார். அங்கே மருந்தியல் பேராசான் வால்டர் டிக்சனிடம் பயின்றார். மருந்தை வாயால் புகழ்வதை விட்டுவிட்டு, அது இதயத்தையும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் என்ன செய்கிறது என்று கருவி வைத்து அளக்கும் கலை அப்போதுதான் ஐரோப்பாவில் வேரூன்றிக்கொண்டிருந்தது. அதைக் கற்றுக்கொண்டு, 1908இல் போட்டித் தேர்வில் வென்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். ஐ.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஐ.எம்.எஸ். என்பது அடிப்படையில் படைக்கான மருத்துவ அணி. அதன் அதிகாரிகள் படைப்பட்டம் தாங்கியவர்கள். சிவில் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அவர்களை அரசு அனுப்பிவைக்கும். 1855இல் போட்டித் தேர்வு இந்தியர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் தேர்வு நடந்தது லண்டனில். கப்பலுக்குக் காசு வேண்டும், ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கிப் படிக்க வசதி வேண்டும், அதற்கு முன் இங்கே பள்ளிக்கூடத்துக்குள் நுழைய விட வேண்டும். சோப்ரா ஐ.எம்.எஸ். அதிகாரியானதற்கு முந்தைய ஆண்டு, 1907இல்தான் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் மெட்ரிக்குலேஷன் தேறினார். ஒரு தீண்டப்படாத பையன் மெட்ரிக் தேறியதே பாராட்டு விழா எடுக்கும் செய்தியாக இருந்த காலம் அது. சோப்ராவின் திறமையைக் குறைத்துக் காட்ட இதைச் சொல்லவில்லை. எந்த வாசல் எந்த ஆண்டில் யாருக்குத் திறந்திருந்தது என்பதும் ஒரு வாழ்க்கை வரலாற்றின் பகுதிதான்.

2. போர்முனை ஆஸ்பத்திரி

முதல் உலகப் போரில் சோப்ரா கிழக்காப்பிரிக்கப் போர்முனையில் பணியாற்றினார். 1919இல் ஆப்கன் போரிலும் இருந்தார்.

கிழக்காப்பிரிக்கா ஒரு விசித்திரமான போர்க்களம். அங்கே குண்டு கொன்றதைவிட மலேரியாவும் சீதபேதியும் கொன்றது மிக அதிகம். செட்சி என்னும் ஈ கடித்துக் குதிரையும் மாடும் மடிந்துபோகும். அதனால் துப்பாக்கி ரவையிலிருந்து அரிசி மூட்டை வரை எல்லாவற்றையும் மனிதர்கள் தலையில் சுமந்தார்கள். லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களைச் சுமைகூலிகளாகப் பிடித்துவந்தார்கள். அவர்களில் பல பத்தாயிரம் பேர் நோயிலும் பசியிலும் இறந்தார்கள். மருந்து யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற கேள்வி பாடப்புத்தகத்துக்கு வெளியே எப்படி இருக்கும் என்பதை அந்தப் போர்முனை காட்டியது.

படை மருத்துவத்தின் அடித்தளத்தையும் நாம் பார்க்க வேண்டும். அதிகாரி மேலே, அவருக்குக் கீழே துணை மருத்துவர், அதற்கும் கீழே டோலி தூக்குபவர், தண்ணீர் சுமப்பவர், மலம் அள்ளுபவர். இந்தக் கடைசி வரிசைக்குப் படையின் மொழியில் 'ஃபாலோயர்' என்று பெயர். பின்தொடர்பவர். சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. எந்த வேலைக்கு எந்தச் சாதி என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் சுகா என்பவரின் கல்லறை இருக்கிறது. பரேலிக்காரர். காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்தவர். 1915 ஜனவரியில் இறந்தார். அவர் உடலை ஏற்க மற்றவர்கள் மறுத்ததாகவும், அந்த ஊர்த் தேவாலயத்தார் இடம் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. கல்லை நட்டவர்கள் அந்த ஊர்ச் சபையார். ராணுவ மருத்துவ வரலாறு என்றால் பதக்கம் வாங்கிய கர்னல்களோடு இந்தச் சுகாவும் அதில் இருக்கிறார்.

துப்பாக்கி பிடிக்கும் உரிமையும் அப்படித்தான். 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். போருக்கு ஆள் வேண்டியபோது 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றை எழுப்பினார்கள். போர் முடிந்து 1921க்குள் கலைத்துவிட்டார்கள். அதே 1921இல் சோப்ரா படைமுனையை விட்டுக் கல்கத்தா வந்து பேராசிரியரானார்.

3. கல்கத்தா ஆய்வுக்கூடம்

கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. அதன் முதல் மருந்தியல் பேராசிரியர் சோப்ரா. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். இந்தியாவில் அதற்கு முன் மருந்தியல் என்றால் மருந்துகளின் பட்டியலை மனப்பாடம் செய்வது. அவர் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

அவர் வேலைமுறை எளிது, ஆனால் கண்டிப்பானது. முதலில் செடி எது என்று தாவரவியல்படி உறுதிசெய்ய வேண்டும். ஒரே பெயரில் சந்தையில் நாலு வேர் விற்கும். அடுத்து, அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரிக்க வேண்டும். அடுத்து, விலங்குகளில் அதன் செயலை அளக்க வேண்டும். கடைசியில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் நோயாளிக்குக் கொடுத்துக் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்த நாலு படியும் தாண்டினால்தான் அது மருந்து.

இப்படிப் பார்த்ததில் சில தேறின. சீதபேதிக்குக் குடசப்பாலைப் பட்டை, ஆஸ்துமாவுக்கு வடமேற்கு மலைகளில் விளையும் எபிட்ரா, வயிற்றுக்கு இசப்கோல், தோலின் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி. இவற்றையெல்லாம் அவரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்து எழுதினார்கள். வெண்புள்ளி வந்த பெண்ணுக்கு நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆராய்ச்சியின் அருமை அதனால் புரியும். பெரும்புகழ் பெற்ற பல சரக்குகள் தேறவில்லை. புகழைப் பார்த்து அவர் மதிப்பெண் போடவில்லை.

1933இல் வெளிவந்த அவருடைய 'இண்டிஜினஸ் டிரக்ஸ் ஆஃப் இந்தியா' என்ற பெருநூலில் தம் வேலைக்கு மூன்று நோக்கங்கள் சொல்கிறார். இந்தியா மருந்தில் தன் காலில் நிற்க வேண்டும். நாட்டு மருந்துகள் பற்றிய உரிமைகோரல்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, மருந்தின் விலையைப் பெருவாரியான ஏழை மக்களுக்கு எட்டும்படி குறைக்க வேண்டும். மூன்றாவது நோக்கத்தை நாம் அடிக்கோடிடுகிறோம். அந்தக் காலத்து அறிவியல் நூல்களில் ஏழையின் சட்டைப்பையை நினைத்துப் பார்த்தவை குறைவு.

முதல் நோக்கத்தைப் பிற்காலத்தில் அவர் மாணவர் பிஷ்ணுபாத முகர்ஜி போன்றோர் முன்னெடுத்தார்கள். லக்னோவின் மைய மருந்து ஆய்வு நிறுவனத்தில் இயக்குநராக முகர்ஜி இருந்தார். இரண்டாவது நோக்கத்தில்தான் நமக்கு ஒரு கொள்கை கிடைக்கிறது. ரிஷி சொன்னார் என்பதால் ஒரு வேர் மருந்தாகாது. லண்டனிலிருந்து வந்தது என்பதாலும் ஆகாது. சோதனையில் நின்றால்தான் ஆகும். பிறப்பையும் பரம்பரையையும் சான்றாக ஏற்காத ஒரு முறை அது. சாதியில் பிறந்ததால் தகுதி, சாதியில் பிறந்ததால் இழிவு என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். அந்த முறையை அன்னியம் என்று ஒதுக்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

4. போலிக் கொய்னா

இனி கொய்னா மருந்துக்கு வருவோம்.

மலேரியாவுக்கு அப்போது இருந்த நம்பகமான மருந்து அது ஒன்றுதான். தென்னமெரிக்க சின்கோனா மரத்தை 1860 முதல் நீலகிரியில் அரசு பயிரிட்டது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் மலாயா பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை வைத்துக் காட்டை வெட்டினார்கள். பிறகு தோட்டம் தோட்டமாக நம் மக்கள் போனார்கள். வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. வங்காளத்தில் 1892 முதல் தபால் நிலையத்திலேயே ஒரு பைசாப் பொட்டலமாகக் கொய்னா விற்றார்கள்.

ஆனால் தேவை மலைபோல் இருந்தது, சரக்கு கொஞ்சம். அந்த இடைவெளியில் கலப்படக்காரன் நுழைந்தான். கொய்னா குறைவாகவும் வேறு தூள் அதிகமாகவும் போட்ட மாத்திரைகள் சந்தையில் நிறைந்தன. அன்னிய நாட்டுக் கம்பெனிகள் தம் நாட்டில் விற்க முடியாத தரமற்ற மருந்துகளை இங்கே கொட்டின; தடுக்கச் சட்டம் இல்லை. 1927இல் மத்திய மேலவையில் இதைக் கண்டித்துத் தீர்மானம் வந்தது. 1930இல் அரசு ஒரு மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சோப்ரா. குழு நாடு சுற்றிச் சாட்சியம் வாங்கி 1931இல் அறிக்கை கொடுத்தது. மருந்தின் தரத்துக்கு மத்தியச் சட்டம் வேண்டும், சோதனைக்கூடங்கள் வேண்டும், மருந்து கலக்கும் தொழிலுக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

அறிக்கை பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1937இல் கல்கத்தாவில் உயிர்வேதித் தரப்படுத்தும் ஆய்வுக்கூடம் அவர் பொறுப்பில் தொடங்கியது. 1940இல்தான் மருந்துச் சட்டம் வந்தது. 1948இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. நாட்டு மருந்துகள் இந்தச் சட்டத்தின் பிடிக்குள் வந்ததோ 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தில்.

இந்த ஆண்டுகளை ஒரு நாவலோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' உங்களில் பலர் படித்தது. 1920களில் திருநெல்வேலிச் சீமையின் சேரிகளிலிருந்து கங்காணியை நம்பி மலையேறிய நம் மக்கள், குளிர் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்த கதை அது. கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஆனைமலையில் இது நடந்தது. மலேரியாவின் மருந்து விளைந்த மலையிலேயே மலேரியாவால் சாவு. மருந்து கண்டுபிடிக்கப்படுவதும், தரமாகச் செய்யப்படுவதும், கூலிக்காரியின் வாய்க்கு வந்து சேர்வதும் மூன்று தனித்தனி வேலைகள். சோப்ரா இரண்டாவது வேலைக்கு வழி வகுத்தார். மூன்றாவது அரசியல். அது நம் வேலை.

இரண்டாவது வேலையும் முடிந்துவிடவில்லை. டை எத்திலீன் கிளைக்கால் என்றொரு தொழிற்சாலைக் கரைப்பான் உண்டு. மருந்துக்கு ஊற்ற வேண்டிய தூய கரைப்பானுக்குப் பதில் அது கலந்துவிட்டால் குழந்தையின் சிறுநீரகம் செயலிழக்கும். 1937இல் அமெரிக்காவில் அது நூறு பேருக்கு மேல் கொன்றது. மறு ஆண்டே அவர்கள் சட்டத்தை இறுக்கினார்கள். 1972இல் நம் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் பம்பாயில் அரசு மருத்துவமனை நோயாளிகள் இறந்தார்கள். 2022இல் இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டுக் காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவு பேசப்பட்டது. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1931ஆம் ஆண்டு அறிக்கை கேட்டதெல்லாம் இதைத் தடுக்கத்தான்.

5. சர்ப்பகந்தாவும் பெயர்களும்

சோப்ராவின் ஆய்வுகளில் உலகப் புகழுக்குப் போன செடி சர்ப்பகந்தா. பீகார் கிராமங்களில் அதற்குப் 'பைத்திய மருந்து' என்ற பொருளில் பெயர். மனம் கலங்கியவருக்கு அதன் வேரைக் கொடுப்பார்கள். கூலிக்குப் போகும் ஏழைத் தாய்மார் குழந்தையைத் தூங்கவைக்கவும் கொடுத்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது ரத்த அழுத்தத்தையும் மனக் கலக்கத்தையும் தணிப்பதை எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தார். 1933இல் சோப்ரா, குப்தா, முகர்ஜி மூவரும் அதன் செயலை ஆய்வுக்கூடத்தில் அளந்து எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் ரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ஆய்வாளர்கள் ரெசெர்பினைப் பிரித்தெடுத்தார்கள். உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் ஒரு புதுக் காலம் அதோடு தொடங்கியது.

இப்போது பெயர்களைப் பாருங்கள். அந்தச் செடியின் பேரினப் பெயர் ரௌவுல்ஃபியா. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் நினைவாக. சித்திக்கி பிரித்த வேதிப்பொருளுக்கு அஜ்மலின் என்று பெயர். ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக. ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் இருக்கிறது. கம்பெனிக்குக் காப்புரிமை இருக்கிறது. வேரைத் தோண்டியவர், எந்த மாதம் தோண்ட வேண்டும் என்று அறிந்தவர், எவ்வளவு கொடுத்தால் தூக்கம், எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று தன் பிள்ளைமேல் அறிந்த தாய், இவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

சோப்ரா, நாயர், ஐ.சி. சோப்ரா மூவரும் தொகுத்து 1956இல் வெளியான இந்திய மருத்துவத் தாவரங்களின் சொற்களஞ்சியத்தைப் புரட்டினாலும் இதுவே. ஒவ்வொரு செடிக்கும் வழக்குப் பெயர்கள் உண்டு. பெயரைச் சொன்ன வாய்கள் இல்லை. இது அவர் ஒருவரின் குற்றம் அன்று. அறிவை எழுதுபவரும் அறிவை வைத்திருப்பவரும் வெவ்வேறு தெருவில் வாழ்ந்த சமூகத்தின் ஏடு அது. சோதனைக் குழாய் சாதி பார்க்காது, ஏடு பார்த்துவிடுகிறது.

6. களைப்புக்கு மருந்து

சோப்ராவின் ஆய்வுகளில் நாம் அதிகம் பேசாத பகுதி அபினும் கஞ்சாவும் பற்றியவை. 1920களில் அபின் பழக்கம் பற்றியும், 1939இல் குர்பக்ஷ் சிங் சோப்ராவோடு சேர்ந்து கஞ்சா பழக்கம் பற்றியும் விரிவாக எழுதினார். அதில் ஒழுக்கப் பிரசங்கம் குறைவு, கவனிப்பு அதிகம். கடும் உடலுழைப்பு செய்பவர்கள் களைப்பை ஆற்றவே சிறு அளவில் கஞ்சாவை நாடுகிறார்கள் என்றும், அறுவடைக் காலத்தில் அந்தப் பயன்பாடு கூடுகிறது என்றும் பதிவுசெய்தார்கள். ஆலை வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பம்பாயில் பரவலாக இருந்தது.

'குடிகாரச் சேரி' என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு இந்தப் பக்கங்களைக் காட்ட வேண்டும். பகல் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவளின் முதுகுவலிக்குப் பண்ணையார் ஓய்வு கொடுக்கவில்லை, கூலியும் கூட்டவில்லை. போதை அந்த இடத்தை நிரப்பியது. பிள்ளை பார்த்துக்கொள்ள ஆலையில் இடம் இருந்திருந்தால் அபின் உருண்டைக்கு வேலையே இல்லை. மருந்தியல் அறிஞர் உடலுக்குள் நடப்பதை அளந்து எழுதினார். உடலுக்கு வெளியே நடப்பதை, கூலிக் கணக்கை, நாம் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

7. யாருடைய மரபு

1941இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு பணி ஓய்வு. பிறகு காஷ்மீர் போய் ஜம்முவில் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தை வளர்த்தார். 1946இல் இந்திய மருத்துவ முறைகள் பற்றிய குழுவுக்குத் தலைவராகி 1948இல் அறிக்கை தந்தார். கிழக்கு மருத்துவம், மேற்கு மருத்துவம் என்று இரண்டு இருக்க முடியாது, எல்லாம் ஒரே அறிவியலுக்குள் சோதிக்கப்பட்டு ஒன்றாக வேண்டும் என்பது அதன் போக்கு. இரு தரப்பும் அதை முழுதாக ஏற்கவில்லை. 1973இல் அவர் மறைந்தார்.

நாட்டு மருத்துவம் என்றவுடன் இன்று மேடைகளில் ரிஷிகளும் சித்தர்களும் வருகிறார்கள். தெருவில் பார்த்தால் வேறு ஆட்கள். நம் ஊரில் 'மருத்துவர்' என்பதே முடிதிருத்தும் சமூகத்தின் பெயர். அந்த வீட்டுப் பெண் மருத்துவச்சி. ஊரின் பிள்ளைகள் எல்லாம் அவள் கையில் விழுந்தவர்கள். வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுக்கும் வேலை பெரும்பாலும் தலித் பெண்களுடையது. பிள்ளையைக் கையில் வாங்கும்போது தீட்டு இல்லை, கூலி கொடுக்கும்போது தீட்டு. இந்தச் சொல் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் போட்டவருக்குப் பட்டமானபோது, பழைய மருத்துவர்களுக்கு அதில் பங்கு இல்லாமல் போனது.

நம் பக்கத்தில் எழுதிய கையும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். 1907 முதல் 'தமிழன்' இதழ் நடத்தியவர். சமூக வரலாற்றைத் திருப்பி எழுதிய அதே கை நாடி பிடித்தது. இன்று தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர்ப்பலகையை வேண்டுதலின் பயனாக நாம் பார்க்கவில்லை. உரிமையின் அடையாளமாகப் பார்க்கிறோம்.

இன்னொரு சான்றும் உண்டு, அது சோப்ராவோடு நேரடியாகத் தொடர்புள்ளது. அவர் வளர்த்த ஜம்மு ஆய்வுக்கூடம் பிறகு வட்டார ஆராய்ச்சிக் கூடமானது. அதை மையமாகக் கொண்டு நடந்த பழங்குடி அறிவு ஆய்வுத் திட்டத்தின் குழு 1987இல் அகத்தியமலைக்கு வந்தது. மலையேறிக் களைத்த ஆய்வாளர்களுக்கு, கூட வந்த காணிக்காரர் இளைஞர்கள் ஒரு செடியின் கனியைத் தின்னக் கொடுத்தார்கள். களைப்பு போயிற்று. ஆரோக்கியப்பச்சை என்பது அந்தச் செடி. திருவனந்தபுரத்தில் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்து, 1990களில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தபோது, உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. அதற்காக அவர்களின் அறக்கட்டளை 1997இல் பதிவானது. அந்த ஏற்பாட்டில் குறைகள் ஏராளம். எல்லாக் காணிகளையும் கேட்டார்களா, செடியைப் பயிரிட வனத்துறை விட்டதா என்றெல்லாம் சர்ச்சை எழுந்தது. ஆனாலும் சொன்ன வாய்க்கும் பங்கு உண்டு என்று ஏட்டில் ஏறியது. மலையின் பெயர் அகத்தியர் பெயராக இருக்கலாம். கனியைப் பறித்துக் கொடுத்த கை காணிக்காரர் கை.

8. நம் முன் உள்ள வேலை

சோப்ராவை நாம் கும்பிடவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அவரிடமிருந்து அளவுகோலை எடுத்துக்கொள்வோம். எந்த மருந்தும், எந்த மரபும், எந்தப் பெரியவரின் சொல்லும் சோதனைக்கு உட்பட்டது. 'நம் முன்னோர் அறிவு' என்று சொல்லிப் பொட்டலம் விற்பவர் நம் சாதிக்காரராகவே இருந்தாலும் இந்த அளவுகோல்தான். பெருமைக்காக நம் பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க முடியாது. அவர் ஏட்டில் விடுபட்டதை நாம் எழுதுவோம்.

மாணவர்களிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறோம். உங்கள் ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் மருத்துவச்சியிடம், பாம்புக்கடிக்கு வேர் தெரிந்தவரிடம், மாட்டு வைத்தியம் தெரிந்தவரிடம் போய் உட்காருங்கள். செடியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். சொன்னவர் பெயர், தெரு, யாரிடம் கற்றார், கூலியாக என்ன வாங்கினார், எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் எதையும் அச்சில் ஏற்றாதீர்கள். அவர் சொன்ன மருந்து சோதனையில் தோற்கலாம். அப்போதும் அவர் பெயர் ஏட்டில் இருக்கட்டும்.

களப்பணியாளர்களுக்கு ஒரு சட்டப் பிரிவு. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மருந்து வாங்கிய யாரும் உரிய கட்டணம் கட்டி அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம், அறிக்கையும் பெறலாம் என்கிறது. அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் அமைப்புகளுக்கும் அந்த உரிமை உண்டு. சோப்ரா குழு கிளப்பிய பேச்சிலிருந்து பிறந்த சட்டம் அது, பயன்படுத்துவோர் குறைவு. சேரியிலும் காலனியிலும் மருந்து வாங்கினால் ரசீது கேளுங்கள். பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் 26ஆம் பிரிவின்கீழ் மனுக் கொடுங்கள். ஒரு மாவட்டத்தில் பத்து மனு போனாலே கடைக்காரரும் ஆய்வாளரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போலிக் கொய்னாவைத் தின்று செத்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. இனி சாகிற குழந்தைக்கு அப்படி ஆகக் கூடாது. அதற்கு முதலில் அந்தக் குழந்தை சாகக் கூடாது.

ஜெய் பீம்.